சேலத்தில் இருந்துகொண்டே யூஎக்ஸ் டிசைன் அடிப்படைகளைக் கற்க முடியுமா, பெங்களூரு போய் கோர்ஸில் சேர்ந்தால்தான் ஆகுமா?

முடியும். யூஎக்ஸ் என்பது, பயன்படுத்துகிறவர் தடுமாறாதபடி ஒரு ஆப்பையோ பொருளையோ வடிவமைப்பது. நான் அதைக் கற்றுக்கொண்டது சேலம் சிவதாபுரத்தில், ஒரு கொலுசுப் பட்டறையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து.

நீங்கள் படிப்பை முடித்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், வீட்டில் "இன்னும் என்ன கோர்ஸ்?" என்று கேட்க ஆரம்பித்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் மாமா, அம்மாவின் தம்பி, வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளியை எடை போட்டு ஆட்களிடம் கொடுப்பார். அவர்கள் வீட்டில் வைத்து வேலை செய்து கொண்டுவருவார்கள். மறுபடி எடை, சேதாரம், கூலி. எல்லாக் கணக்கும் ஒரு நீள நோட்டில். இதற்கு ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் செய்து கொடுத்தேன். மூன்று மாத உழைப்பு. பத்தே நாளில் மாமா நோட்டுக்குத் திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கு பாப்பா. எனக்குத்தான் அதெல்லாம் வராது" என்றார்.

முப்பது வருடமாக ஒரு கிராம் பிசகாமல் கணக்கு வைத்திருக்கிற மனுஷர் அவர். அவர் வாயிலிருந்து "எனக்கு வராது" என்று வரவைத்தது நான் செய்த ஆப். ஒரு பொருளைக் கையாளத் தெரியாமல் தடுமாறுபவர் தன்னையே குறை சொல்லிக்கொள்வார், ஆனால் கோளாறு பெரும்பாலும் வடிவமைப்பில்தான் இருக்கும் என்று வடிவமைப்பு ஆய்வாளர் டான் நார்மன் 1988-லேயே எழுதிவிட்டார். அதை நான் படித்தும் இருந்தேன். மாமா சொன்ன அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த இரண்டு நாளும் பட்டறையிலேயே உட்கார்ந்தேன். எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை, பார்த்தேன். எடை போடும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள், காற்று பட்டால் தராசில் எண் நிற்காது. எண் நின்றதும் நோட்டில் எழுதிவிட்டு மறுபடி ஃபேனைப் போட வேண்டும். அந்தச் சில நொடியில் மொத்தப் பட்டறையும் வியர்த்துக்கொண்டு காத்திருக்கும். என் ஆப் முதலில் பெயர், செல் நம்பர், முகவரி என்று ஏழு கட்டம் கேட்டது. எதிரே நிற்பவர் மாமாவுக்குப் பதினைந்து வருடப் பழக்கம்!

மாமாவின் விரல் நுனியெல்லாம் கரி. அதனால் சுண்டுவிரலை மடக்கி அதன் முட்டியால்தான் போனைத் தட்டினார். என் பொத்தான்கள் சின்னது, 'சேமி'யும் 'அழி'யும் ஒட்டி ஒட்டி. தொட வேண்டிய இடம் சிறிதாக, தூரமாக இருந்தால் தொடுவதற்கு நேரம் கூடும் என்பது உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-ல் சொன்ன விதி. கூகுள் ஆண்ட்ராய்டுக்குப் பரிந்துரைக்கும் தொடு அளவு குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டுத் திரையில் அளக்கும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர். முட்டியால் தட்டுகிறவருக்கு அதுவும் போதாது.

பெரிய விஷயம் கடைசியில்தான் தெரிந்தது. எல்லாம் நிரப்பிய பிறகும் கடைசிப் பொத்தானை மாமா தொடவே மாட்டார். நல்ல தமிழில் இருக்கட்டும் என்று அதில் 'சமர்ப்பி' என்று போட்டிருந்தேன். "சமர்ப்பின்னா எங்கயோ ஆபீசுக்குப் போயிருமே பாப்பா, டேக்ஸுக்கு" என்றார். பத்து நாளாக அந்தப் பயத்தோடே இருந்திருக்கிறார். என்ன போடலாம் மாமா என்றேன். "எழுதுன்னு போடு. நோட்டுல எழுதறதுதானே?" பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1994-ல் வெளியிட்ட பத்து வடிவமைப்பு விதிகளில் இரண்டாவது இதுதான்: பயனருக்குப் பழகிய சொல்லில் பேசு.

அதன் பிறகு கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையைப் போன் அளவுக்கு வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் திரைகளை வரைந்து மாமா முன்னால் வைத்தேன். அவர் தொட்டால் நான் அடுத்த அட்டையை வைப்பேன். நோட்டில் இருப்பதுபோல இடப்பக்கம் 'கொடுத்தது', வலப்பக்கம் 'வந்தது'. நாலாவது தடவை வரைந்ததில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் முடித்தார். அந்த அட்டைகளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரே பட்டறையை வைத்துப் பேசுகிறாள் என்று யாராவது கமெண்டில் எழுதுவார்கள். அதன்பின் இன்னும் நாலு பட்டறையில் உட்கார்ந்துதான் ஆப்பை முடித்தேன். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பது நீல்சன் கணக்கு. அதை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, தெரியும். திரைகளைக் கம்ப்யூட்டரில் வரையும் ஃபிக்மா மென்பொருள் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். அதை முதலில் தொடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இது நீங்கள் கேட்காதது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அம்மா இருபது வருடம் கொலுசுக்குக் கண்ணி கோர்த்துப் பற்றவைத்தவர். விரல் ரேகை தேய்ந்துவிட்டது. போன மாதம் ஓர் அலுவலகத்தில் கைரேகை விழவில்லை. "கையைக் கழுவிட்டு வாங்கம்மா" என்று மூன்று முறை அனுப்பினார்கள். மூன்று முறையும் அம்மா சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, வரிசையில் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விரலை வைத்தார். அந்தக் கருவி 'தோல்வி' என்று மட்டும் காட்டியது. ரேகை விழாதவர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. தேய்ந்த விரலை வைத்து ஒருமுறையாவது சோதித்துப் பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருப்பார்கள். உழைத்த கைக்கு இதுவா மரியாதை?

கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: இந்த ஆறு மாதத்தில், எனக்குத் தெரியாத ஒரு மனிதர் நான் வரைந்ததைப் பயன்படுத்துவதை எத்தனை மணி நேரம் நேரில் பார்ப்பேன்? மணிக்கணக்குச் சொன்னால் தாராளமாகச் சேருங்கள். சான்றிதழைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கிளம்பி வந்துவிடுங்கள். லீ பஜாரில் ஏதாவது ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் இரண்டு நாள் உட்கார அனுமதி கேளுங்கள், டீ வாங்கிக் கொடுத்தே உட்காரவைப்பார்கள்.