பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் பூஞ்சை. மேலே பெயிண்ட் அடித்தால் போதுமா?

போதாது. பெயிண்ட் கொப்புளம் போட்டு உரியும், அடியில் பூஞ்சை பழையபடி இருக்கும். ஓசூரில் வாடகை வீடு, சுவருக்கு மறுபக்கம் பாத்ரூம், வீட்டில் பாட்டிக்கு வீசிங் என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டியை இன்றைக்கே வேறு அறையில் படுக்க வையுங்கள். அந்தச் சுவரில் பிளக் பாயின்ட் இருந்தால் அந்த லைனின் சுவிட்சை மெயின் போர்டில் இறக்கிவிடுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை ஈரச் சுவரைத் தொட வேண்டாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவரை உடைக்க விடாதீர்கள். இரவு எல்லாக் குழாயையும் மூடி, ஃபிளஷ் டேங்க் வால்வையும் அடைத்து, மாடித் தொட்டியில் ஒரு குச்சியை அடிவரை விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டம் குறைந்திருந்து, தொட்டியும் கசியவில்லை என்றால், பைப்பில்தான் கோளாறு. குறையவில்லையா? குளிக்கிற தண்ணீர் டைல்ஸ் இடுக்கிலோ தரை ஜாலி ஓரத்திலோ இறங்குகிறது என்று சந்தேகப்படலாம்.

ஓசூர் குளிரில் சுவரில் ஈரம் சேர இன்னொரு வழியும் உண்டு. மார்கழியில் வெளிச்சுவர் சில்லென்று இருக்கும். பீரோ ஒட்டி நின்றால் காற்றோட்டம் இல்லாமல் அறைக் காற்றின் ஈரமே அங்கே படியும். காய்ந்தது போலத் தெரியும் இடத்தில் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வேர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வேர்த்தால் அறைக் காற்றுதான் காரணம். அப்புறம், வெள்ளையாகப் பொடி பூத்திருப்பது பூஞ்சையாக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், கரைந்தால் அது சுவர் உப்பு.

கசிவை அடைத்த பிறகுதான் சுத்தம். என்95 மாஸ்க், ரப்பர் கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். ஜன்னலைத் திறந்து, மற்ற அறைகளுக்குப் போகும் கதவைச் சாத்துங்கள். காய்ந்த பிரஷ் போட்டுத் தேய்த்தால் பூஞ்சை வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டி எறியுங்கள். பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. பூஞ்சை பத்து சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் தெரிந்த ஆளை விட்டுச் செய்வதே நல்லது.

நனைந்த பொருளில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. அங்கே சொந்தக்காரர் வீட்டில் நனைந்த பஞ்சு மெத்தையை வெயில் வரட்டும் என்று வைத்திருந்தார்கள். தையல் ஓரமெல்லாம் கரும்பச்சைப் புள்ளி. அந்த மாதிரி மெத்தை, தலையணை, ஊறிப்போன பிளைவுட் எதையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பட்டி, பெயிண்ட். பீரோவை நான்கு விரல்கடை தள்ளி வையுங்கள். வீட்டுக்காரரிடம் இப்போதே தேதியுடன் போட்டோ அனுப்பிவிடுங்கள், பைப் செலவு அவருடையது என்று பேச அது உதவும்.