நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்ப்பது நல்லதா, படம் பார்த்துவிட்டு நாவலைப் படிப்பது நல்லதா?

படித்துவிட்டுப் போங்கள். அவசரமானவர்களுக்கு இவ்வளவு போதும்.

கேள்வி கேட்டவரிடம் யாரோ "புத்தகத்தைப் படித்தால் படம் பிடிக்காது" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் சொன்னார்கள். பாதி உண்மைதான். படித்துவிட்டுப் போனால் ஒரு இடத்தில் மனம் நோகும். நொந்தால் பரவாயில்லை என்றுதான் நான் சொல்ல வருகிறேன்.

என்னுடைய கதை பொன்னியின் செல்வன். முதல் பாகம் 2022 செப்டெம்பர் 30 அன்று வந்தது. அந்த வருடம் இங்கே இலங்கையில் எப்படி இருந்தது என்று வெளியில் இருப்பவர்களுக்கு மறந்திருக்கும். 200 ரூபாவுக்கு இருந்த டொலர் 360க்குப் போய்விட்டது. கரண்ட் நேரம் வைத்துப் போகும். பெற்றோல் கியூ ஆர் அட்டையில் அளந்துதான் கிடைக்கும். நான் வடமராட்சியில், தொண்டைமானாறு என்ற ஆற்றங்கரை ஊரில் இருக்கிறேன். அம்மம்மாவுக்கு அப்போது 84 வயது, ஒரு கண்ணில் மட்டும் வெண்புரை எடுத்திருந்தது. அவரை யாழ்ப்பாணம் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போக, தெரிந்த ஓட்டோக்காரத் தம்பி ஒரு கிழமை பெற்றோலை மிச்சம் பிடித்து வைத்தார். அச்சுவேலி வழியாகப் போனோம்.

படம் பார்க்க இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். அம்மம்மாவுக்கு அது படம் மட்டுமில்லை. கல்கி இதழில் அந்தக் கதை 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. கிழமைக்கு ஒருமுறை இதழ் வரும். பூட்டன் முதலில் வாசிப்பார், பிறகு அடுப்படியில் பெண்கள், கடைசியில்தான் பிள்ளைகள். தொடர் முடிந்ததும் பூட்டன் பக்கங்களைக் கழற்றி, ஓவியர் மணியத்தின் படங்களோடு சேர்த்துத் தைத்து, மட்டை போட்டு ஐந்து பாகமாக வைத்திருந்தார். 1987 மே மாதம் வடமராட்சியில் சண்டை தொடங்கி எல்லோரும் ஓடியபோது அம்மம்மா பையில் போட்டது இரண்டை மட்டும்: புது வெள்ளம், சுழற்காற்று. மற்ற மூன்றும் வீட்டோடு போயின.

அந்த இரண்டாம் பாகத்தில்தான் எங்கள் ஊர் வருகிறது. வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகில் இலங்கைக்கு வருவான். மாதோட்டம், தம்பள்ளை, அநுராதபுரம் என்று கதை சுற்றும். பிறகு இளவரசரைச் சிறைப்பிடித்துப் போக வந்த கப்பல்கள் தொண்டைமானாற்று முகத்துவாரத்தில் நிற்கும். அந்தப் பக்கத்தை முதன்முதல் வாசித்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. வாசித்த கையோடு பாலத்தடிக்குப் போய் நின்று பார்த்தேன். சந்நிதி கோயில் மணி கேட்கிறது, தண்ணீர் அசையாமல் கிடக்கிறது, இதற்குள் சோழர் கப்பல் எங்கே நின்றிருக்கும் என்று தேடினேன். எங்கள் ஊர்ப் பெயரைச் செய்தியில் கேட்டால் அந்தக் காலத்தில் வயிறு கலங்கும். ஒரு கதையில் அந்தப் பெயரைக் கண்டது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இங்கே ஒருவர் கட்டாயம் வருவார்: தொண்டைமானாறு என்ற பெயர் கருணாகரத் தொண்டைமானால் வந்தது என்பது ஊர் வழக்கு, அவர் முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவர், கதையின் இளவரசர் அருண்மொழிக்கு ஏறக்குறைய நூறு வருடம் பிந்தியவர், அப்படியென்றால் கல்கி எழுதியது பிழையல்லவா என்று. எனக்கும் தெரியும். அந்த வழக்கு சரி என்றால் கல்கி பெயரை முன்னுக்கு இழுத்துவிட்டார். அதற்காக நான் அவரோடு கோபிக்கப் போவதில்லை. அவர் எழுதியது நாவல்.

சரி, தியேட்டருக்கு வருகிறேன். எந்தத் தியேட்டர் என்று சொல்லவில்லை, சத்தத்தை அளவுக்கு மேல் வைத்திருந்தார்கள். நாவல் வீராணத்து ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கில் தொடங்கும். படம் கரிகாலனின் போரில் தொடங்கியது. அம்மம்மா "இது எங்கையிருந்து வந்தது" என்றார். ஆழ்வார்க்கடியான் வந்ததும் சிரித்தார். வந்தியத்தேவனாக வந்த கார்த்தியைப் பார்த்து "ஓம், இவன்தான்" என்று தலையாட்டினார். படம் கடலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பூங்குழலி படகோடு வந்த இடத்தில், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் உரக்கவே கேட்டார்: "பிள்ளை, எங்கட ஆறு எப்ப வரும்?"

பின்னாலிருந்த ஒரு தம்பி "ஆச்சி, படத்தைப் பாருங்கோ" என்றார். அவர் மீது பிழையில்லை.

ஆறு வரவில்லை. அந்தப் பெயர் என் காதில் விழவேயில்லை. பிறகு தனியாக இன்னொரு முறை போய்ப் பார்த்தேன், அப்போதும் விழவில்லை. கப்பல் உடைந்து, இளவரசர் தண்ணீருக்குள் போய், ஊமைராணி நீந்திவர, முதல் பாகம் முடிந்துவிட்டது.

மணிரத்னம் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஐந்து பாக நாவலை இரண்டு படத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். எம்.ஜி.ஆர். 1958இலேயே எடுக்க நினைத்து முடியாமல் போன வேலை அது. ஆற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை என்பது எனக்கு விளங்குகிறது. யாழ்ப்பாணத்தார் எதைப் பார்த்தாலும் தங்கள் ஊரைத்தான் தேடுவார்கள் என்று சிலர் எழுதுவார்கள். ஓம், தேடுவோம். தஞ்சாவூர்க்காரர் தேடாமலே அவர் ஊர் படத்தில் வந்துவிடுகிறது.

அடுத்த வருடம் ஏப்ரல் 28 இரண்டாம் பாகம் வந்தபோது பெரியம்மாவும் வந்தார். அவர் பெயர் மணிமேகலை, நாவலில் வந்தியத்தேவனின் நண்பன் கந்தன்மாறனின் தங்கையை நினைத்து அம்மம்மா வைத்த பெயர். படத்தில் அந்தப் பாத்திரமே கிடையாது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டார். அம்மம்மாதான் விடவில்லை. நாவலில் மணிமேகலை வந்தியத்தேவன் மீது வைத்த அன்பு, கடைசியில் அவள் அவன் மடியில் உயிர்விடுவது, சேந்தன் அமுதனுக்குப் பட்டம் போவது எல்லாவற்றையும் என் மகனுக்கு இரவு பத்து மணிவரை சொன்னார். அன்றைக்குக் கரண்ட் போகவில்லை, ஆனாலும் லைற்றை அணைத்துவிட்டுத்தான் சொன்னார். படத்தில் இல்லாததெல்லாம் அவருக்கு வரி பிசகாமல் நினைவில் இருந்தது. படம் விட்டுவிட்ட இடம் அவர் வாயால் எனக்குத் திரும்பக் கிடைத்தது. படிக்காமல் போயிருந்தால் விட்டுப்போனது என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்திராது. அதனால்தான் படித்துவிட்டுப் போங்கள் என்கிறேன்.

எதிர்த்திசையிலும் ஒரு அனுபவம் உண்டு, மறைக்கக் கூடாது. அசுரனை 2019இல் முதலில் பார்த்தேன், பூமணியின் வெக்கையைப் பிறகுதான் படித்தேன். படத்தில் கதை தனுஷின் தோளில், அப்பாவின் கதை. நாவலில் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தின் கண்ணால்தான் எல்லாம் நடக்கிறது. கொலை செய்துவிட்டுக் காட்டில் ஒளிந்து திரிகிற பிள்ளைக்குப் பசிக்கிறது, அப்பாவும் மகனும் கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். வெற்றிமாறன் நிறைய மாற்றினார், முன்கதையின் பெரும்பகுதி நாவலில் இல்லை. ஆனால் அந்தப் பயம் இரண்டிலும் ஒன்றுதான். நாவலுக்கு நியாயம் செய்த சமீபத்திய படம் எது என்று கேட்டால் அசுரனைச் சொல்வேன். இருந்தாலும் வெக்கையைப் படிக்கும்போது அந்த அப்பாவுக்குத் தனுஷின் முகம்தான் வந்தது, வேறு முகம் வர மறுத்துவிட்டது. அந்த இழப்பு எனக்குப் பெரிது.

எங்கள் கடலைப் பற்றிய நாவல் படமாகவே இல்லையா? ஆகியிருக்கிறது. செங்கை ஆழியானின் வாடைக்காற்று, பருவத்துக்கு நெடுந்தீவுக் கரைக்கு மீன்பிடிக்க வருபவர்களின் கதை. பிரேம்நாத் மொராயஸ் இயக்கி 1978இல் வந்தது, தமிழ்நாட்டில் உமாசந்திரனின் முள்ளும் மலரும் படமான அதே வருடம். அம்மம்மா அதைத் தியேட்டரில் பார்த்தவர். "அதில சனம் எங்களைப்போலக் கதைச்சது" என்பார். எனக்கு நாவல் மட்டும்தான் வாய்த்தது. எங்கள் எழுத்தாளர்களின் நாவல்கள் இங்கே அலுமாரி நிறையக் கிடக்கின்றன. குறும்படம் எடுக்கிற தம்பிமாரே, தங்கைமாரே, ஒன்றையாவது எடுத்து வாசியுங்கள்.

கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஓடும்போது காப்பாற்றிய அந்த இரண்டு பாகத்தில் இப்போது வீட்டில் இருப்பது ஒன்று. 2004இல், யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் பிளேனில் வாசிக்க என்று சுழற்காற்றை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த முறை வரும்போது தருவதாகச் சொன்னார். இரண்டு தரம் வந்தும் போனார். கேட்டால் "அது பழசுதானே, புதுசு வாங்கித் தாறன்" என்கிறார். புதுப் பதிப்பு என்னிடம் இருக்கிறது, விலை ஏறிய பிறகும் ஐந்து பாகமும் வாங்கினேன். அதில் பூட்டனின் தையல் இல்லை. ஷெல் சத்தத்துக்குள் பையில் போட்டுக்கொண்டு வந்த புத்தகத்தைப் பழசு என்று சொன்னதை அம்மம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இப்போதும் யார் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் அவர்களுடைய பையைத்தான் பார்க்கிறார்.

அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அவர் வீட்டிலோ, அவரிடம் இரவல் வாங்கிய வேறு யார் வீட்டிலோ, கறுப்பு நூலால் தைத்து மண்ணிறத் துணி ஒட்டிய இரண்டாம் பாகம் கிடந்தால் திருப்பித் தாருங்கள். முதல் பக்கத்தில் ஊதா மையில் 1954 என்று எழுதியிருக்கும். தொண்டைமானாறு வருகிற பக்கத்தில் நான் மடித்து வைத்த மூலை இருக்கும்.