ஆறடி மீன்தொட்டிக்கு சம்ப்: துளை போடுவதா, பாக்ஸ் தொங்கவிடுவதா?

கேள்வி: வரவேற்பறைக்கு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் மீன்தொட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். தண்ணீரை வடிகட்ட, அதன் கீழே 4 அடிக்கு ஒன்றரை அடியில் சம்ப் எனும் இன்னொரு தொட்டி. தண்ணீர் சம்புக்கு இறங்கக் கண்ணாடியில் துளை போட்டால் என்றைக்காவது ஒழுகும், விளிம்பில் மாட்டும் ஓவர்ஃப்ளோ பாக்ஸே போதும் என்கிறார் கடைக்காரர். மணிக்கு 3,000 லிட்டர் மோட்டாரும் அவரே தருகிறார். வாங்கலாமா?
- வாசகர், மடிப்பாக்கம்

பதில்: மோட்டாரை அப்புறம் பார்ப்போம். முதலில், அந்த பாக்ஸ் வேண்டாம்.

விளிம்பில் மாட்டும் பாக்ஸ், வளைந்த குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்து இறக்குகிறது. அந்தக் குழாயில் காற்று சேர்ந்துவிட்டால் இழுவை அறுந்துபோகும். மோட்டாருக்கு அது தெரியாது. சம்பில் உள்ளதை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். தொட்டி நிரம்பித் தரையில் வழியும். கரன்ட் போய் வரும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கும், அதுவும் நீங்கள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

துளை ஒழுகும் என்பது அரைகுறை வேலைக்குத்தான் பொருந்தும். ஹார்டுவேர் கடையில் டேங்க் நிப்பிளை (துளையில் மாட்டிக் குழாயை இணைக்கும் மரை போட்ட துண்டு) முன்னாலேயே வாங்கி, கண்ணாடி அறுப்பவரிடம் கையில் கொடுத்துவிடுங்கள். ஒன்னேகால் இஞ்ச் பைப் என்று வாயால் சொன்னால் ஒன்னேகால் இஞ்சுக்கே துளை போட்டுவிடுவார். நிப்பிளின் மரை அதைவிடப் பருமன். ரப்பர் வாஷர் தொட்டியின் உட்பக்கம் வர வேண்டும். கையால் இறுக்கி, மேலே கால் சுற்று போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும். டஃபன்ட் கிளாஸ் (பதப்படுத்திய கண்ணாடி) என்றால் துளைகளைப் பதப்படுத்தும் முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு துளைத்தால் மொத்தமும் பொடிப்பொடியாகும்.

இறங்கும் குழாய் இரண்டு கேளுங்கள். ஒன்றில் கேட் வால்வு வைத்து, குழாய் முழுக்கத் தண்ணீர் ஓடும்படி திருகி வைத்தால் களகள சத்தம் இருக்காது. இரண்டாவது, அது அடைத்துக்கொண்டால் காப்பாற்ற. அதில் எந்த வால்வும் கூடாது.

இனி கணக்கு. உங்கள் தொட்டியில் ஓர் இஞ்ச் தண்ணீர் என்பது சுமார் 28 லிட்டர். உங்கள் சம்பில் அதுவே இரண்டு இஞ்ச். மோட்டார் நின்றதும், மேலே ஏற்றும் குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை தண்ணீர் பின்னோக்கி இறங்கும். வாய் ஆறு இஞ்ச் ஆழத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 170 லிட்டர்! வாயை மேல்மட்டத்துக்கு ஓர் இஞ்ச் கீழேயே வையுங்கள். சம்பில் ஆறு இஞ்சாவது காலியாக இருக்கட்டும். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், போடட்டும். ஆனால் அதை நம்பி இந்த இடத்தைக் குறைக்காதீர்கள். ஒரு நத்தை சிக்கினாலே அது மூடாது.

மோட்டாருக்கு வருவோம். அட்டைப்பெட்டியில் உள்ள 3,000 லிட்டர், தண்ணீரை உயரமே ஏற்றாதபோது வருவது. உங்களுக்கு நாலடி ஏற வேண்டும், எல்போக்கள் வேறு. பாதி வந்தால் அதிகம். உங்கள் தொட்டி 680 லிட்டர் பிடிக்கும். மணிக்கு நாலைந்து முறை சுற்ற வேண்டுமானால் 5,000 முதல் 6,000 லிட்டர் மோட்டார் பாருங்கள். பெட்டியில் அதிகபட்ச உயரமும் அச்சிட்டிருக்கும். அந்த உயரத்தில் சொட்டுக்கூட வராது என்று அர்த்தம். 3 மீட்டருக்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். எல்லாம் ஓடும்போது மெயின் சுவிட்சை அணையுங்கள், கால் மணி நேரம் விட்டு மறுபடி போடுங்கள். அடுத்து, வால்வு உள்ள குழாயைக் கையால் அடைத்து, இரண்டாவது குழாய் தனியாகத் தாங்குகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தரை ஈரமாகவில்லை என்றால் பாக்கியைக் கொடுங்கள். கண்ணாடியின் தடிமன், ஒட்டு விட்டுப்போனால் யார் பொறுப்பு, மோட்டாருக்கு எத்தனை மாத வாரன்டி, மூன்றும் பில்லில் எழுதியிருக்கட்டும். கடைக்காரர் பின்னால் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது அந்த பில்தான்.