குதிரைகள் மோதிக்கொள்ளுமா?

அன்புள்ள சார்,

நெப்போலியன் காலத்துப் போர்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம். சினிமாவில் இரண்டு குதிரைப்படைகள் பாய்ந்து வந்து நடுவில் டமாரென்று மோதுகின்றன. நிஜத்தில் அப்படி மோதினால் இரண்டு பக்கமும் குதிரையோடு செத்துப்போகாதா?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

செத்துத்தான் போகும். அது குதிரைக்கும் தெரியும். பெரும்பாலும் நெருங்குவதற்கு முன்பே ஒரு தரப்பு திரும்பி ஓடிவிடும். இல்லையென்றால் இரு வரிசைகளும் இடைவெளிகளில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கடக்கும், போகிற போக்கில் ஆளுக்கொரு வெட்டு.

ஆனால் நிஜமாகவே முட்டிக்கொண்டதும் உண்டு. 1808 டிசம்பர் 21, ஸ்பெயினில் சஹாகுன் என்ற ஊர். பிரிட்டிஷ் குதிரைப்படைத் தளபதி பேஜெட் பிரபு 15வது ஹுஸார் (இலகு குதிரைப்படை) ரெஜிமென்டோடு, சுமார் 400 பேர், இரவெல்லாம் பனியில் வந்து சேர்ந்தார். விரல்கள் மரத்துப்போய்க் கடிவாளத்தையும் வாளையும் பிடிப்பதே பெரும்பாடு.

எதிரே தளபதி டெபெல்லின் பிரெஞ்சுக் குதிரைப்படை, எண்ணிக்கையில் அதிகம். முன்னால் ஷஸ்ஸர்கள் என்ற இலகு குதிரைவீரர்கள், பின்னால் டிராகூன்கள் என்ற இன்னொரு வகைக் குதிரைவீரர்கள். ஷஸ்ஸர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நின்ற இடத்திலேயே நின்று துப்பாக்கியால் சுட்டார்கள். குதிரைப்படைக்கு இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. அதன் பலமே ஓட்டத்தில் இருக்கிறது. குளிரில் வெலவெலக்கும் குதிரைமேல் உட்கார்ந்து சுட்டால் யார்மேல் படும்? பாய்ந்து வந்த ஹுஸார்கள் மோதியதில் முன்வரிசை அப்படியே சரிந்து டிராகூன்கள் மேல் போய் விழுந்தது. சில நிமிடங்களில் கதை முடிந்தது. அப்புறம் துரத்தல்தான். பிரெஞ்சுத் தரப்பில் நூற்றுக்கு மேல் கைதிகள், அதில் இரண்டு லெப்டினன்ட் கர்னல்கள். ஹுஸார்களில் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதிலும் அந்த ஹுஸார்களின் உரோமத் தொப்பி இருக்கிறதே, பார்க்க மாப்பிள்ளைக் கோலம், வாள்வெட்டைத் தாங்காது. டிராகூன்களுக்கோ பித்தளைத் தலைக்கவசம். அப்படியிருந்தும் தோற்றார்கள் என்றால், நின்றதுதான் காரணம் என்பேன்.

இன்னொரு விஷயம். ஊருக்குள் புகுந்து பிரெஞ்சுக்காரர்களைக் கலைத்து வெளியே விரட்ட வேண்டியது ஸ்லேட் என்ற தளபதியும் அவருடைய 10வது ஹுஸாரும். அவர்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்லேட் வழியில் படையை நிறுத்திவைத்து வீர உரை ஆற்றிக்கொண்டிருந்தாராம். 15வது ரெஜிமென்ட்காரர்கள் சொன்ன கதை இது.