ரோமானியச் சாலை வழிகாட்டும், திரும்பி வருவதில்தான் கவனம்

கேள்வி: லண்டனில் டூட்டிங்கில் இருக்கிறோம். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 9 வயதிலும் 12 வயதிலும் உள்ள பிள்ளைகள், 64 வயது அம்மா ஆகியோருடன் மேற்கு சசெக்ஸில் ஸ்டேன் ஸ்ட்ரீட் என்ற ரோமானியச் சாலையில் நடக்க ஆசை. கார் இருக்கிறது. போன வழியே திரும்பாமல் காட்டு வழியாகச் சுற்றி வர முடியுமா? எவ்வளவு நேரம் ஆகும்? என்ன எடுத்துப் போக வேண்டும்?

பதில்: தாராளமாக முடியும். உண்மையில் நீங்கள் தினமும் அதன் மேல்தான் நடக்கிறீர்கள். கிளாப்பம், பால்ஹம், டூட்டிங் வழியாகப் போகும் இன்றைய நெடுஞ்சாலை அந்தப் பழைய சாலையின் தடத்தில்தான் கிடக்கிறது. லண்டன் பாலத்திலிருந்து சிசெஸ்டர் வரை சுமார் 91 கிலோமீட்டர், கி.பி. முதல் நூற்றாண்டில் போட்டது. ஸ்டேன் என்பது கல்லைக் குறிக்கும் ஸ்டோன் என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம். கல் பாவிய தெரு, அவ்வளவுதான் பெயரின் பொருள்.

அந்தச் சாலை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடம் பிக்னர் ஹில்லுக்கும் ஈர்த்தம் வுட் என்ற காட்டுக்கும் இடைப்பட்ட பகுதி. நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெரும்பாலோர் பிக்னர் ஹில் உச்சியில் காரை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குகிறார்கள். பிள்ளைகளும் பெரியவரும் இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள். உச்சி சுமார் 225 மீட்டர் உயரம். காலையில் தெம்பாக இருக்கும்போது இறக்கம், கால் ஓய்ந்து வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஏற்றம் என்று எல்லாம் தலைகீழாகிவிடும். போதாததற்கு, பிக்னர் கிராமத்திலிருந்து மேலே ஏறும் பாதை ஒரு கார் மட்டும் போகும் அகலம். எதிரே வண்டி வந்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருக்கும்.

அதனால் ஈர்த்தம் காட்டிலிருந்து தொடங்குங்கள். பெட்வொர்த்–சிசெஸ்டர் சாலையிலிருந்து ஈர்த்தம் கிராமத்துக்குப் பிரியும் சிறு சாலையில் வனத்துறையின் கார் நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து காட்டுக்குள் கிழக்கே நடந்தால் பல தடங்கள் கூடும் சந்திப்பு வரும். அங்கே வடகிழக்காக நேரே ஓடுவதுதான் ஸ்டேன் ஸ்ட்ரீட். இந்தச் சந்திப்பில் ஐந்து நிமிடம் நின்று, திரும்பி வரும்போது எந்தத் தடத்திலிருந்து வெளிப்படுவீர்கள் என்று இப்போதே பார்த்து வையுங்கள். நான்கு பக்கமும் படம் பிடித்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஏறும்போது வழி தவறுவது அரிது. திசைகாட்டியை எடுத்துப் பாருங்கள், நீங்கள் நடக்கும் திசை வடக்கிலிருந்து ஏறக்குறைய 55 டிகிரி என்று காட்ட வேண்டும். ஐந்து நிமிடம் நடந்தும் 80 என்றோ 20 என்றோ காட்டினால், ஏதோ ஒரு வனப்பாதையில் விலகிவிட்டீர்கள் என்று அர்த்தம். காட்டை விட்டு வெளியே வந்ததும் கம்பர் பண்ணைக்கு மேலே திறந்த வெளியில் சாலை மேடாக எழுந்து நிற்பதைக் காண்பீர்கள். இருபுறமும் பள்ளம் தோண்டி, அந்த மண்ணையும் சுண்ணப்பாறையையும் நடுவில் கொட்டி இடித்து, மேலே சக்கிமுக்கிக் கல்லும் சரளையும் பரப்பினார்கள். கல் பரப்பிய பகுதி மட்டும் சுமார் 7 மீட்டர் அகலம். மழைநீர் பள்ளத்துக்கு வடிந்ததால்தான் சாலை நின்றது. பிள்ளைகளைப் பக்கப் பள்ளத்தில் நிற்கவைத்து மேட்டை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்; மேலே நடக்கும்போது தெரியாத உயரம் அப்போது புரியும். படத்தில் பார்த்த இத்தாலியச் சாலைபோலப் பெரிய பலகைக் கற்களை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இங்கே அப்படி எதுவும் இருந்ததில்லை.

மேலே ஏறிய பிறகு திரும்பி நின்று தென்மேற்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் சிசெஸ்டர் தேவாலயத்தின் கூர்கோபுரம் சாலையின் நேர்கோட்டில் தெரியும். கோபுரம் பல நூற்றாண்டுகள் பிந்தியது, ஆனால் ரோமானியர் குறிவைத்த ஊர் அதுதான். முழுச் சாலையும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகவில்லை. லண்டன் பாலத்திலிருந்து யூவெல் என்ற ஊர் வரை சிசெஸ்டரை நோக்கியே போய், பிறகு நீர் தேங்காத சுண்ணக் குன்றுகளைத் தேடி விலகுகிறது. பிக்னர் ஹில்லின் வடக்குச் சரிவிலும் வண்டி இறங்குவதற்காகச் சாய்வாக வெட்டி இறக்கியிருக்கிறார்கள்.

உச்சியில் கார் நிறுத்தத்தின் அருகே லத்தீனில் ஊர்ப்பெயர் எழுதிய மரக் கைகாட்டி நிற்கிறது: ஒரு பக்கம் லண்டினியம், அதாவது லண்டன், இன்னொரு பக்கம் நோவியோமாகஸ், அதாவது சிசெஸ்டர். சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காற்று நேராக அடிக்கும் இடம், அம்மாவை அதிக நேரம் உட்காரவைக்காதீர்கள்.

தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். வந்த சாலையிலேயே சிறிது தூரம் இறங்கி, கம்பர் பண்ணைக்குப் பிரியும் குதிரைப் பாதையைப் பிடியுங்கள். பண்ணையைத் தாண்டித் தெற்கே காட்டுக்குள் இறங்கி, பிறகு மேற்கே திரும்பி ஈர்த்தம் காட்டுக்கு வர வேண்டும். இங்கே வனத்துறைத் தடங்கள் அகலமாக, சரளை போட்டு, நம்பிக்கையூட்டும்படி இருக்கும். நீங்கள் போக வேண்டிய பாதை பெரும்பாலும் ஒடுங்கியிருக்கும். அகலத்தை நம்பாதீர்கள், அம்புக்குறியின் நிறத்தை நம்புங்கள். மஞ்சள் நடப்பவர்களுக்கு, நீலம் குதிரைக்கும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் பொது. பிற்பகல் 1 மணிக்கு நவம்பர் சூரியன் ஏறக்குறைய தெற்கே தாழ்வாக நிற்கும். மேற்கே திரும்பிய பிறகு அது உங்கள் இடப்பக்கமாக இருக்க வேண்டும்.

மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர். பிள்ளைகளோடு மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்தால் மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல், ஏற்றத்துக்கு ஒரு கால் மணி, சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி. நாலரை மணி நேரத்தில் முடியும். நவம்பர் நடுவில் நாலேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டும். காலை 10 மணிக்கு நடக்கத் தொடங்கிவிடுங்கள். பிக்னர் ஹில்லை அடையும்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தால் சுற்றுவழியை மறந்துவிட்டு வந்த சாலையிலேயே திரும்புங்கள். நேர்கோட்டில் இருட்டுவது பரவாயில்லை, கிளைப்பாதைகளில் இருட்டினால் சிக்கல்.

காலணி விஷயத்தில் சமரசம் வேண்டாம். நனைந்த சுண்ணப்பாறை சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும், அதன் மேல் கிடக்கும் களிமண் அடிப்பாகத்தில் அப்பிக்கொண்டு பிடிமானத்தைத் தின்றுவிடும். கணுக்கால் மூடும், அடியில் ஆழமான பள்ளம் வெட்டிய பூட்ஸ்தான் சரி. ஓடும் ஷூ போதாது. அம்மாவுக்கு ஒரு ஜோடி நடைக்கோல். இறங்கும்போது முழங்காலைக் காக்கும். வழியில் தண்ணீரையோ கழிப்பறையையோ நம்ப வேண்டாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பிளாஸ்கில் தேநீர், மழைச்சட்டை, தலைவிளக்கு இரண்டு, மாற்றுக் காலுறை. பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடம் ஓஎல் 10 காகிதத்திலேயே வாங்குங்கள். செயலியும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். அதனால் வீட்டிலேயே பதிவிறக்கிவிடுங்கள். ரெஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை அவசர உதவி எண்ணான 999க்கு எஸ்எம்எஸ் அனுப்பி முன்கூட்டியே பதிவு செய்தால், பேச முடியாத இடத்திலும் குறுஞ்செய்தியால் உதவி கேட்கலாம்.

குளிர்காலத்திலும் உண்ணி முழுக்க ஒழிவதில்லை. வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, பிள்ளைகளின் காதுக்குப் பின்புறம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். பிறகு வட்டமாகச் சிவந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிள்ளைகள் ரோமானிய நாணயம் தேடலாமா என்று கேட்பார்கள். கண்ணால் தேடட்டும். உலோகம் கண்டறியும் கருவி மட்டும் வேண்டாம். பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் நிலத்திலும் பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களிலும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது.

இருபுற மரங்களும் வளைந்து சுரங்கம்போல மூடிய பாதையின் படம் இணையத்தில் சுற்றுகிறதே, அதைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தால், அது இந்தச் சுற்றில் இல்லை. இதே சாலையின் தடத்தில் நான்கு கிலோமீட்டர் தென்மேற்கே ஹால்நேக்கரில் இருக்கிறது, நடை முடிந்ததும் காரில் போகலாம். 1811இல் ஏர் தட்டுப்பட்டுக் கண்டெடுத்த பிக்னர் ரோமானிய மாளிகையின் மொசைக் தரைகளைப் பார்க்க வேண்டுமானால் கோடையில் இன்னொரு முறை வாருங்கள், குளிர்காலத்தில் அதை மூடிவைக்கிறார்கள்.