நாடக மேடை வடிவமைப்பாளர் ஆக, நன்றாக வரையத் தெரிந்தால் போதுமா?

நன்றாக வரைவேன், டிகிரி முடிக்கப் போகிறேன், நாடகத்துக்கு செட் போடுவதையே தொழிலாக்கிக்கொள்ள என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னைப் பக்கம் இருக்கிறீர்கள், கையில் ஸ்கெட்ச் புத்தகம் இருக்கிறது, இஞ்ச் டேப் இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதலில் டேப் வாங்குங்கள்.

படிப்பு விஷயம் சுருக்கமாக. டெல்லியில் 1959ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருடப் படிப்பு. டிகிரியோடு நாடக அனுபவமும் கேட்பார்கள். அதனால் இப்போதே ஏதாவது ஒரு குழுவில் பெயின்ட் வாளி தூக்கவாவது சேர்ந்துவிடுங்கள். கொஞ்சம் பக்கத்தில் என்றால் திருச்சூர் நாடகப் பள்ளியும், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையும் இருக்கின்றன.

இனி வேலை. அரங்கத்துக்குப் போனதும் மேடையின் முன்வாய் (பார்வையாளர் பக்கம் திறந்திருக்கும் பகுதி) அகலம், ஆழம், உயரம், சைடு விங் (நடிகர்கள் மறைந்து நிற்கும் பக்கவாட்டு இடம்) இடைவெளி, பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் நீங்களே அளங்கள். மேனேஜர் வாயால் சொல்லும் அளவை நம்பாதீர்கள். பிறகு தரைப்படம், அதாவது மேடையையும் நாற்காலிகளையும் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைவது. முதல் வரிசையின் இடது கோடி நாற்காலியில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து மேடை வாயின் இடது விளிம்பைத் தொட்டு உள்ளே ஓடும் கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது எதுவும் அந்த ஆளுக்குத் தெரியாது. வலது விளிம்பைத் தொட்டு ஓடும் கோடு, எதிர்ப்பக்க விங்கில் டீ குடித்துக்கொண்டு நிற்கும் நடிகர் எவ்வளவு தூரம் வரை அவர் கண்ணில் படுவார் என்பதைச் சொல்லும். வலது கோடிக்கும் இதே போல. ஒரு அடிக்கு அரை இஞ்ச் கணக்கில் மாடல் செய்யுங்கள். ஐந்தரை அடி ஆள் இரண்டே முக்கால் இஞ்ச். அந்த அட்டை மனிதனை நிறுத்தாத மாடலில் எல்லா வாசலும் கம்பீரமாகத்தான் தெரியும்.

இங்கே செட்டின் அளவைத் தீர்மானிப்பது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. அதன் தொட்டி ஏறத்தாழ ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். எட்டடிக்கு நாலடி தட்டியை (சுவராக நிற்கும், துணி அடித்த மரச்சட்டம்) படுக்கப் போட்டால் பின்னால் ஓரடி நீட்டும், கயிறு கட்டிக் கொண்டுபோய்விடலாம். நிறுத்திக் கட்டினால் பாய்மரம்தான்; பாலம் ஏறும்போது காற்று பிடித்துக் கட்டை விரிசல் விடும். பத்தடி உயரச் சுவர் வேண்டுமென்றால் ஆறும் நாலுமாகப் பிரித்து, பின்பக்கம் போல்ட் போட்டுச் சேருங்கள்.

தட்டியின் சட்டத்துக்கு இரண்டுக்கு ஒரு இஞ்ச் ரீப்பர் கட்டை, நன்றாகக் காய்ந்தது. ஈரக்கட்டை பெயின்ட் அடித்த பிறகு முறுக்கிக்கொள்ளும். நான்கு மூலையிலும் முக்கோண பிளைவுட் துண்டு. அதை விளிம்போடு ஒட்டி அடிக்காமல் ஒரு இஞ்ச் உள்ளே தள்ளி அடியுங்கள், இல்லையென்றால் பக்கத்துத் தட்டி மூலையோடு மூலை சேராது. காடா துணியை விறைப்பாக இழுத்து அடிப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. பசைத் தண்ணீர் பூசியதும் துணி சுருங்கி, கட்டையை உள்பக்கம் வளைத்துவிடும். லேசான தொய்வோடு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்டேப்பிள் அடித்துப் போங்கள். எனாமல் பெயின்ட் வேண்டாம், விளக்கு பட்டால் பளபளக்கும். கதவு வைத்த தட்டிக்குக் கீல் இருக்கும் பக்கத்தில் கட்டாயம் முட்டு கொடுக்க வேண்டும். கதவைச் சாத்தும்போது வீட்டுச் சுவரே ஆடினால் சோகக் காட்சியிலும் சிரிப்புதான். பல அரங்குகளில் மேடைத் தரையில் ஆணி அடிக்க விட மாட்டார்கள். முட்டின் காலில் மணல் மூட்டை வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

துணிக்குத் தீத்தடுப்பும் உண்டு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 70 கிராம் வெண்காரம், 30 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பெயின்ட் அடிக்கும் முன் நனைத்துக் காயவிடுங்கள். வெட்டிய ஒரு துண்டை வெளியே எடுத்துப்போய் 12 விநாடி தீயில் காட்டிப் பாருங்கள். தீயை எடுத்ததும் அணைய வேண்டும். துணி நனைந்தால் மருந்து போய்விடும், திரும்பப் போட வேண்டும்.

“தெருக்கூத்தில் இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்தால் போதாதா, செட் எதற்கு?” என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு: அந்தத் திரையும் வடிவமைப்புதான். எந்த உயரத்தில் பிடிப்பது, எப்போது விலக்குவது என்று அவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. செட் பெரிதாக வேண்டும் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

இது கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் யோசித்துத் தேர்ந்தெடுத்த சுவர் நிறத்துக்கு மேலே, ஸ்பான்சரின் ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டுவார்கள். அதை அகற்றச் சொன்னால் நீங்கள்தான் கோபக்காரர். கேன்டீன் அடைக்கு ஒரு பத்தி ஒதுக்கும் விமர்சனத்தில் செட் போட்டவர் பெயருக்கு ஒரு வரி இருக்காது. பழகிக்கொள்ளச் சொல்ல மாட்டேன், கேட்டுக்கொண்டே இருங்கள்.

வருமானம் நாடகத்தை மட்டும் நம்பினால் போதாது. சினிமா கலைத்துறையில் உதவியாளர் வேலை, கண்காட்சி, கம்பெனி விழா என்று சேர்த்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். வேலை கேட்டுப் போகும்போது அழகான ஓவியத்தோடு தரைப்படம், மாடல் படம், மேடையில் எடுத்த படம், செலவுக் கணக்கு நான்கையும் காட்டுங்கள். எஸ்டிமேட்டில் பத்து சதவீதம் எதிர்பாராச் செலவு, வண்டி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி தனித்தனியாக இருக்கட்டும். பணத்தை மூன்றாகப் பிரித்து, மூன்றாவது பங்கை நாடகத்தன்று மேடையைக் கொடுக்கும் முன் வாங்கிவிடுங்கள். கடைசிக் காட்சி முடிந்ததும் தட்டிகள் யாருடையவை, எங்கே வைப்பது, அந்த வாடகை யார் தருவது என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதாவிட்டால் அவை உங்கள் வீட்டு மொட்டை மாடிக்குத்தான் வரும்.