இரண்டே வருடத்தில் பிஎச்.டி. முடித்துத் தருகிறோம் என்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 39. எம்.எட். 61 சதவீதம். கல்வியியலில் பகுதி நேரமாக பிஎச்.டி. செய்ய ஆசை. கிருஷ்ணகிரியில் ஒரு கன்சல்டன்சிக்காரர்கள், வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டே வருடத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். மொத்தம் மூன்றரை லட்சம். தீசிஸ், இரண்டு பேப்பர் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். முப்பதாயிரம் அட்வான்ஸ் ஜிபே செய்துவிட்டேன். இப்போது ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? எனக்கு ஆராய்ச்சி முறைகள் எதுவும் தெரியாது. பயிற்சி எங்கே கிடைக்கும்?

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் போன் செய்தாலும் கொடுக்காதீர்கள். எம்.எட். பட்டமும் மதிப்பெண் பட்டியலும் அவர்கள் பீரோவுக்குள் போய்விட்டால், அதன் பிறகு மூன்றரை லட்சம் ஐந்து லட்சம் ஆனாலும் உங்களால் ஒன்றும் கேட்க முடியாது. சேர்க்கையின்போது பல்கலைக்கழகம் ஒரிஜினலைச் சரிபார்க்கும், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடும். இடையில் இருப்பவருக்கு அது எதற்கு?

இரண்டு வருடம் என்று சொன்னபோதே அவர்கள் யார் என்பது தெரிந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 நவம்பர் 7ஆம் தேதி அறிவித்த பிஎச்.டி. விதிமுறைகளின்படி, கோர்ஸ் ஒர்க் எனப்படும் ஆரம்பகட்ட வகுப்புகளையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டுகள். அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. ஆக, உங்களுக்குப் பத்து வருடம் வரை இடமிருக்கிறது. குறைக்கத்தான் இடமில்லை. இரண்டு வருடத்தில் முடிகிறது என்றால் பதிவுத் தேதியை முந்தைய தேதியாகப் போட்டுக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். அது பொய் ஆவணம். பட்டத்தில் இருக்கப்போவது உங்கள் பெயர், அவர்கள் பெயர் அல்ல.

"யு.ஜி.சி. லிஸ்ட்டில் இருக்கிற யுனிவர்சிட்டிதான் மேடம்" என்று திரையைக் காட்டுவார்கள். இருக்கலாம். பட்டியலில் இருப்பதும் விதிப்படி பிஎச்.டி. கொடுப்பதும் வேறு வேறு. 2025 ஜனவரியில் ராஜஸ்தானில் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று யு.ஜி.சி. தடை போட்டது. காரணம், விதிமுறையைப் பின்பற்றாமல் பட்டம் கொடுத்ததுதான். அவையும் அதற்கு முன்னால் பட்டியலில் இருந்தவைதான். அங்கே நேர்மையாக உழைத்துப் பட்டம் வாங்கியவர்களும் இன்று சந்தேகப் பார்வைக்கு ஆளாகிறார்கள். இன்னொன்று, தபாலிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. செய்ய விதியே இடம் தரவில்லை. பார்ட் டைம் என்றால் வீட்டிலிருந்தபடியே என்று பொருளில்லை. கோர்ஸ் ஒர்க், நுழைவுத் தேர்வு, வைவா எனும் வாய்மொழித் தேர்வு எல்லாம் முழு நேரத்தாருக்கு உள்ளதுதான் உங்களுக்கும்.

சரி, நேர்வழி எது? நம் மாவட்டங்களிலுள்ள பி.எட். கல்லூரிகள் சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் கல்வியியல் துறை இருக்கிறது. தருமபுரியிலிருந்து போனால் தொப்பூர், ஓமலூர் தாண்டி, சேலம் டவுனுக்குள் நுழைவதற்கு முன்பே கருப்பூரில் நெடுஞ்சாலை மேலேயே இறங்கிவிடலாம். சனிக்கிழமைகளில் போய் வரக்கூடிய தூரம். இரண்டையும் பாருங்கள். சேர்க்கைக்கு நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணோ, பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வோ வேண்டும். 2024 ஜூன் முதல் நெட் தேர்விலேயே பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறும் பிரிவு வந்திருக்கிறது. அந்த மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம் என்று கணக்கு. மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். 3 மணி நேரம், 150 கேள்வி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருகிறது. தமிழ்வழியில் படித்துத் தமிழிலேயே பாடம் நடத்துகிற ஒரு ஆசிரியைக்குத் தன் மொழியில் ஒரு கல்வியியல் வினாத்தாள் கிடையாது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஆனால் அதற்காகப் பின்வாங்காதீர்கள். பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள், நிறைய கேள்விகள் நீங்கள் பி.எட்., எம்.எட்.டில் படித்த விஷயமாகவே இருக்கும்.

கைடு, அதாவது ஆராய்ச்சி நெறியாளர் விஷயத்தில்தான் பகுதி நேரக்காரர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். எந்த நெறியாளரிடம் யார் யார் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்ற பட்டியலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்தில் வைத்து, ஒவ்வொரு கல்வியாண்டும் புதுப்பிக்க வேண்டும். எத்தனை இடத்தில் அது ஒழுங்காக நடக்கிறது? மூன்று வருடத்துக்கு முந்தைய பட்டியல் அப்படியே கிடக்கும். போன் செய்தால் "வந்து பாருங்க" என்பார்கள். வந்து பார்ப்பவரைப் பிடிக்கத்தான் புரோக்கர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். பணியிடங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் விட்டு, இருக்கிற நாலு பேர் தலையில் எல்லாரையும் கட்டினால் இடம் எங்கிருந்து வரும்?

ஓய்வு பெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருக்கும் ஒருவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஏற்கெனவே பதிவானவர்களுக்கு அவர் ஓய்வு பெறும்வரை கைடாக இருக்கலாம். ஓய்வுக்குப் பிறகு 70 வயது வரை இணை நெறியாளராகத் தொடரலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு இன்னும் மூன்றரை வருடம் சர்வீஸ் இருக்கிறது, அவரிடம் சேர்கிறீர்கள். பகுதி நேரம் என்பதால் உங்களுக்கு ஐந்தரை வருடம் ஆகிறது. நடுவில் அவர் ஓய்வு பெற்றுவிடுவார். அன்றைக்கு முதன்மை நெறியாளராக வேறொருவர் பெயர் வந்தாக வேண்டும். அந்த வேறொருவருக்கு உங்கள் தலைப்பில் அக்கறை இருக்காது. தன்னிடம் இருக்கும் இடங்களில் ஒன்று போய்விட்டதே என்ற வருத்தம்தான் இருக்கும். பழைய கைடு ஒரு அத்தியாயத்தைச் சரி என்பார், புதியவர் மாற்று என்பார். சினாப்சிஸுக்கு (ஆய்வுச் சுருக்கம்) இருவர் கையெழுத்தும் வேண்டும், ஒருவர் ஊரில் இருக்க மாட்டார். ஆகவே முதல் சந்திப்பிலேயே, "ஐயா, உங்கள் ஓய்வு தேதி எப்போது?" என்று கேட்டுவிடுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. குறைந்தது ஆறு வருட சர்வீஸ் உள்ளவராகப் பாருங்கள். துறையில் பெரிய பெயர், நிறையப் புத்தகம் எழுதியவர் என்பதையெல்லாம் இதற்கு அப்புறம் பார்க்கலாம்.

அரசுப் பணியில் இருப்பதால் தடையின்மைச் சான்று இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெறுமனே "ஆட்சேபணை இல்லை" என்று வாங்கிவந்து, பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பி, மறுபடி தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) ஆபீஸ் என்று கோப்பு அலைவதைப் பார்த்திருக்கிறேன். சான்றில் மூன்று வாசகம் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. பகுதி நேரமாகப் படிக்க அனுமதிக்கப்படுகிறார் என்பது ஒன்று. அலுவல் பணி ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் தருகிறது என்பது இன்னொன்று. தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்பது மூன்றாவது. கடைசியாகச் சொன்னதை எழுதித்தரத்தான் தயங்குவார்கள். நீங்களே மாதிரி வரைவைத் தட்டச்சு செய்து, விதியின் நகலோடு விண்ணப்பத்தில் இணைத்துக் கொடுங்கள். நாள் தள்ளினால் எழுத்தில் நினைவூட்டுங்கள், வாய்வார்த்தையாகக் கேட்டு வந்துவிடாதீர்கள். சேர்க்கை அறிவிப்பு வந்த பிறகு இதைத் தொடங்கினால் கடைசித் தேதி போய்விடும். இப்போதே தொடங்குங்கள்.

தலைப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கன்சல்டன்சிக்காரர் எழுதித்தருவது "பி.எட். மாணவர்களின் மனப்பான்மை, 300 பேர், ஆண் பெண் வேறுபாடு" என்கிற வகையாகத்தான் இருக்கும். ஊர்ப் பெயரை மாற்றி மாற்றி அதையே விற்கிறார்கள். நீங்கள் இருக்கும் இடத்தை யோசியுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் கடைசியாக இருந்தது தருமபுரி, சுமார் 68.5 சதவீதம். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதால் வருகைப் பதிவேட்டில் வாரக்கணக்கில் 'ஆ' விழுந்து, திரும்பி வரும்போது பின்னப் பாடமே விட்டுப்போன பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் எழுதப் பழகும் பிள்ளைகள். தொடக்க வகுப்புகளுக்காக 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பயின்று வந்தவர்கள் ஆறாம் வகுப்பில் எப்படி இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. சென்னையில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்பவருக்குக் கிடைக்காத தரவு உங்கள் மேஜை டிராயரில் இருக்கிறது. மற்ற அரசுப் பள்ளிகளில் தரவு திரட்ட சி.இ.ஓ. அனுமதி வேண்டும், ஆய்வுக்கான வினாப்பட்டியலையும் இணைத்துக் கேளுங்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். பதிவுக்கு முன்னால் மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஆராய்ச்சி முறையியல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். உங்கள் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் (டயட்) செயலாராய்ச்சி, அதாவது ஆசிரியர் தன் வகுப்பறைச் சிக்கலைத் தானே ஆராயும் சிறு ஆய்வு, நடக்கிறது. டயட் விரிவுரையாளர்களிடம் போய், நானும் ஒன்றில் சேர்ந்துகொள்கிறேன் என்று கேளுங்கள். ஒரு சிறிய செயலாராய்ச்சியை முழுதாகச் செய்து எழுதிப் பார்ப்பது, நான்கு நாள் கருத்தரங்கச் சான்றிதழ்களைவிட உதவும். பதிவான பிறகு இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) நிதியில் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பத்து நாள் ஆராய்ச்சி முறையியல் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். சமூக அறிவியல் பிஎச்.டி. மாணவர்களுக்கானது, கல்வியியலும் அதில் வரும். புள்ளியியலுக்கு ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவச மென்பொருள்கள். "டேட்டா அனாலிசிஸ் 15 ஆயிரம்" என்று வாட்ஸ்அப்பில் வருபவரிடம் கொடுத்தால், டி-டெஸ்ட் எதற்குப் போட்டீர்கள் என்று வைவாவில் கேட்கும்போது உங்களால் பதில் சொல்ல முடியாது. உதவித்தொகைகள் பெரும்பாலும் முழு நேரத்தாருக்கு. அதற்காகச் சம்பளத்தை விட்டுவிட வேண்டாம்.

பேப்பர் போட்டுத் தருகிறோம் என்ற வலையும் தனி. தீசிஸ் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று அதன் ஒழுங்குமுறையில் பாருங்கள். "யு.ஜி.சி. கேர் ஜர்னல், ஐயாயிரம் ரூபாய்" என்பவர்களிடம், கேர் என்ற அங்கீகரிக்கப்பட்ட இதழ்ப் பட்டியலையே யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது என்று சொல்லுங்கள். அடுத்தவர் எழுத்தை எடுத்தால் என்னவாகும் என்பதற்கும் 2018 விதி இருக்கிறது. 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை, 60 சதவீதத்துக்கு மேல் போனால் பதிவே ரத்து. தீசிஸ்கள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிவிடும், யாரும் எப்போது வேண்டுமானாலும் எடுத்து ஒப்பிடலாம்.

இப்போது அந்த முப்பதாயிரம். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். குறிப்பாக இரண்டு வருடம், தீசிஸ் நாங்களே என்று அவர்கள் எழுதியதையும் ஜிபே ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனிலும் வையுங்கள். சேர விருப்பமில்லை, பதினைந்து நாளில் பணத்தைத் திருப்புங்கள் என்று சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. மிரட்டலாகப் பேசினால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை) வாங்கிக்கொள்ளுங்கள். "மீதியைக் கட்டினால் அட்வான்ஸைக் கழித்துக்கொள்கிறோம்" என்று இறங்கி வருவார்கள். அதற்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.